தலைவர் கண்டுபிடித்த வைரஸ்

நாஞ்சில் நாட்டு உழவனின் விரல் நுனியில் இனி உலகமே அடங்கும் என்று ஆம்பல்பற்று நெல் உற்பத்தியாளர் சங்கத்தின் வாசலில் கருங்கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். கல்லைத் திறந்து வைத்தவர் சங்கத் தலைவர் கணபதியப்பன். முன்னிலை வகித்தவர் கணபதியப்பன். வாசகம் எழுதியவரும் அவரே. விஜயதசமிக்கு மறுநாள் காலை ஒன்பதேகால் மணிக்கு அந்தக் கல்லுக்குப் பின்னாலிருந்த அறையில், உலகம் கிடக்கட்டும், மவுஸ்கூட அசையவில்லை.

கணினியை இயக்குகிற சுஜா மவுஸை உருவி வேறு ஓட்டையில் செருகினாள். அடியில் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு எரியவில்லை. கீபோர்டும் சவம். கைரேகைக் கருவியும் சவம். யுஎஸ்பி ஓட்டை முன்னால் இரண்டு, பின்னால் நான்கு. ஆறில் ஒன்றுக்கும் உயிரில்லை. திரை மட்டும் பளிச்சென்று இருந்தது. அதில் தலைவர் கைகூப்பி நின்றார்.

கைரேகை விழாமல் அங்கே நெல் நகராது. விவசாயி விரலை வைக்க வேண்டும், கருவி ஒப்புக்கொள்ள வேண்டும், ரசீது வர வேண்டும். அதன் பிறகுதான் தராசு. இது கணபதியப்பன் கொண்டுவந்த சீர்திருத்தம். அதற்கு முன்பு நெல்லைக் கண்ணால் பார்த்து எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்டுமிராண்டி வழக்கத்தை ஒழித்ததாக அவர் மேடைதோறும் சொல்லி வந்தார்.

வெளியே முற்றத்தில் கோமளவல்லியின் கன்னிப்பூப் பருவத்து நெல் ஐந்து நாட்களாகக் குவிந்து கிடந்தது. ஒன்றரை ஏக்கர், அவளும் அவள் மகளும் அறுப்புக்கு நின்ற நெல். முதல் இரண்டு நாள் சாக்கு இல்லை என்றார்கள். அடுத்த இரண்டு நாள் சிஸ்டம் பூசையில் இருக்கிறது, தொடக்கூடாது என்றார்கள். சங்கத்துத் தார்ப்பாய் மூன்றும் தலைவர் வீட்டுப் பூசைக்குப் பந்தல் போடப் போனவை, இன்னும் திரும்பவில்லை. அவள் கொண்டுவந்த பழைய பாய் குவியலில் பாதியைத்தான் மூடியது. மேற்கே மலை தெரியவில்லை. மலை இருந்த இடத்தில் கறுப்பாக ஒன்று நின்றது.

கணபதியப்பன் பத்து மணிக்கு வந்தார். சுஜா சொன்னதைக் கேட்டார். சுவரில் மாட்டியிருந்த சான்றிதழை ஒரு முறை பார்த்துக்கொண்டார். சென்னையில் நடந்த இரண்டு நாள் கணினி மேலாண்மைப் பயிற்சிக்கு அவருக்குக் கொடுத்தது. முதல் நாள் மத்தியானச் சாப்பாட்டோடு அவர் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டதைச் சான்றிதழ் குறிப்பிடவில்லை.

வைரஸ் என்றார்.

வைரஸ் என்றால் திரையில் ஏதாவது காட்டும், இது ஓட்டைக்குக் கரண்டு வராதது மாதிரி இருக்கிறது, கருங்கல் ஊரிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற வினோஜைக் கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் பைக்கில் வந்துவிடுவான் என்று சுஜா சொல்லிப் பார்த்தாள். வெளியாளைக் கூப்பிடத் தீர்மானம் வேண்டும் என்றார் தலைவர். தீர்மானத்துக்கு முன்னால் விசாரணை வேண்டும். சிஸ்டத்தை யாரும் தொடக்கூடாது, தடயம் அழிந்துவிடும். தானே முன்வந்து மூன்று முறை அணைத்துப் போட்டார். மூன்று முறையும் திரையில் அவரே வந்தார்.

“வைரஸ் ஓட்டை வழியாத்தான் கேறும்,” என்றார். “ஓட்டையில எவனோ என்னத்தையோ வச்சிருக்கான். நீ போனு சார்ஜுக்குப் போட்டியா?”

“இல்ல சார். பூசைக்கு முந்தின நாளு அணைச்சிட்டுப் போனேன். அப்போ வேலை செஞ்சிது. பொறவு நான் தொடல்ல. பூசையில நீங்க போட்டோ எடுக்கச் சொன்னியோ, எடுத்தேன், அவ்வளவுதான்.”

“அப்போ பூசையில வச்சுக் கெட்டுப்போச்சுன்னு சொல்லுதியா? சரசுவதியா கெடுத்தா?”

மறுமொழி சொன்னால் மெமோ வரும். சொல்லாததற்கும் வந்தது. அரை மணி நேரம் செலவிட்டு, தானே எழுதி, தானே முத்திரை குத்தி, எதிரே இருக்கிறவளுக்குத் தபால் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்.

கோமளவல்லி அதுவரை வாசல்படியில் நின்று வானத்தையும் மெமோவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். ஈரத்தில் புழுங்கி அடிநெல் சுட்டது. உள்ளே வந்து ஒரு பிடி நெல்லைத் தலைவரின் மேசைக்கண்ணாடி மேல் போட்டாள்.

“தொட்டுப் பாரும் அண்ணாச்சி. அஞ்சு நாளா ஒங்க முத்தத்துல கெடக்கு. மிசினுக்குப் பூசைன்னு சொன்னியோ, பொறுத்தேன். இனி மழை விழுந்தா இது நெல்லு இல்ல, நாத்து. நாத்த ஒங்க மிசினு நடுமா?”

“ஏட்டி, சட்டம்னு ஒண்ணு உண்டு.”

“சட்டத்த வித்தா நான் மவளுக்குப் பீசு கெட்டுவேன்? பழையபடி நோட்டுல எழுதிப் போடும். எனக்க வெரலு இங்கதான இருக்கு. மையத் தடவிக் குத்துகேன்.”

முற்றத்தில் நின்ற சுமைதூக்கிகள் இருவர் சிரித்தார்கள். தலைவருக்குக் காது சிவந்தது. நிலைமையின் தீவிரத்தை எல்லாரும் உணரும்படி கூட்டப் புத்தகத்தை எடுத்தார். எழுதியதை உரக்கப் படித்தார்: ‘சங்கத்தின் கணினியில் அந்நியப் பொருளை நுழைத்துப் பழுது ஏற்படுத்தியவர் எவராயினும், எப்பதவியில் இருப்பவராயினும், பொறுப்பிலிருந்து உடனடியாக நீக்கப்படுவார். மேலும் பாதிக்கப்பட்ட விவசாயியிடம் முற்றத்தில் நின்று மன்னிப்புக் கோருவார்.’ ‘எப்பதவியில்’ என்ற இடத்தில் சுஜாவைப் பார்த்தார். அவளுக்குப் பதவி என்று ஒன்றும் இல்லை. தினக்கூலி. கையெழுத்திட்டு, அதற்குக் கீழேயே வினோஜைக் கூப்பிடவும் தீர்மானம் போட்டார். அப்போது பதினொன்றரை.

வினோஜ் வருவதற்குள் மழை வந்தது.

நெல்லின் திறந்த பாதி மேல் முதல் துளிகள் விழுந்த சத்தம் கோமளவல்லிக்கு வாணலியில் கடுகு வெடித்தது போல் கேட்டது. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். மூடுவதற்கு அந்த வளாகத்தில் இருந்தது ஒன்றே ஒன்று: வாசலில் கட்டியிருந்த பிளக்ஸ். பூசை முடிந்த அன்று சாயங்காலமே நாகர்கோவிலில் அடித்துக் கொண்டுவந்து தலைவர் கட்டச் சொன்னது, இருபதடிக்குப் பத்தடி. இடுப்பிலிருந்த அரிவாளால் கயிற்றை நான்கு இடத்தில் அறுத்தாள். தலைவர் கத்தியது மழையில் சரியாகக் கேட்கவில்லை. அவளும் சுமைதூக்கிகளும் அதை இழுத்துக் குவியல் மேல் போட்டு, ஓரத்தில் கல் வைத்தார்கள். அச்சடித்த பக்கம் அடியில் போயிற்று. தன் முகத்தை நெல்லில் கவிழ்த்ததற்கு அவள் மேலும் ஒரு விசாரணை உண்டு என்று தலைவர் அறிவித்தார்.

வினோஜ் நனைந்து வந்து சேர்ந்தான். பின்னால் இருந்த நான்கு ஓட்டையிலும் மவுஸைச் செருகிப் பார்த்தான். கரண்டு வயரை உருவிவிட்டு, சிஸ்டத்தின் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தான். இதெல்லாம் தான் செய்தாயிற்று என்று சுஜா சொன்னாள். செய்திருப்பாய், ஆனாலும் நானும் செய்ய வேண்டாமா என்றான். பிறகு பெட்டியின் பக்கத்தகட்டைக் கழற்றி, முன்பக்கத்து ஓட்டைகளுக்குப் போகும் வயரை உள்ளே பலகையிலிருந்து பிடுங்கினான். அதைத் தொங்கவிட்டபடியே சிஸ்டத்தை மறுபடி போட்டான்.

மவுஸின் அடியில் சிவப்பு எரிந்தது. கைரேகைக் கருவியில் நீலம் எரிந்தது.

“வைரஸ் செத்திட்டா?” என்று கேட்டார் தலைவர்.

“வைரசும் இல்ல ஒரு எளவும் இல்ல தலைவரே. முன்னால எங்கயோ சார்ட்டாவுது. ஒண்ணு சார்ட்டானா மொத்தத்தையும் போர்டு அணைச்சிடும்.” பெட்டியின் முகத்தில் தொங்கிய செவ்வந்திச் சரத்தை ஒதுக்கினான். டார்ச் அடித்தான். பிறகு சுஜாவிடம் ஊக்கு கேட்டான்.

ஊக்கின் முனையில் மஞ்சளாக வந்தது. நடுவில் கொஞ்சம் சிவப்பு. தூசி என்றார் தலைவர். வினோஜ் மூக்கருகே வைத்துப் பார்த்தான்.

“பன்னீரு விட்டுக் கொழைச்ச சந்தனம். உள்ள இன்னும் காயல்ல. சாதனம் கொள்ளாம், நல்ல சரக்கு, மணம் போவல்ல. ரெண்டு ஓட்டையிலயும் நல்லா அப்பியிருக்கு. எந்த மடையனாக்கும் இது?”

சுஜா தலைவரைப் பார்த்தாள். கணபதியப்பன் வீட்டு நெற்பத்தாயத்துக்கு ஆயுதபூசையன்று பூட்டுத் துளையில்தான் பொட்டு வைப்பார்கள். பொருள் போய்வருகிற துளையில் வைத்தால் பொருள் பெருகும் என்பது குடும்ப வழக்கம். அது ஊருக்கே தெரியும். ஆனாலும் ஊரின் சார்பில் தலைவர் ஆத்திரப்பட்டார். பூசையென்று வந்தால் நூறு கை படும், எந்தக் கை வைத்தது என்று யார் கண்டது, தான் சூடம் காட்டியதோடு சரி, தீர்மானம் தீர்மானம்தான், ஆளைக் கண்டுபிடித்து நீக்கியே தீருவேன் என்றார்.

கோமளவல்லி அதைக் கேட்க நிற்கவில்லை. கருவியில் விரலை வைத்தாள். அரிவாள் பிடித்துத் தேய்ந்த விரல். மூன்றாவது தடவை ஒப்புக்கொண்டது. ரசீதைப் பிடுங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். மழை விட்டிருந்தது. பின்னாலேயே எல்லாரும் போனார்கள், பிளக்ஸுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கத் தலைவரும்.

நெல்லின் அடியில் ஒரு முழ உயரத்துக்கு நனைந்திருந்தது. அதைத் தனியே அள்ளி வைக்கச் சொன்னார்கள், எடுக்க மாட்டார்களாம். மேல்நெல் தப்பியது. எடைக்கு அள்ளுவதற்காகச் சுமைதூக்கிகள் பிளக்ஸைப் புரட்டித் தரையில் விரித்தார்கள்.

‘கணினிக்குத் திலகமிடும் எங்கள் தலைவர்’ என்று மேலே எழுதியிருந்தது. அதன் கீழே, ஒரு ஆள் உயரத்துக்கு, சுஜா எடுத்த படம்.

படத்தில் கணபதியப்பனின் வலதுகை மோதிரவிரல் முன்பக்கத்து இரண்டாவது ஓட்டையில் இருந்தது.