இடது காது

கீழே அப்பாவின் கிரில் பட்டறை, மேலே வீடு. வெல்டிங் சத்தத்திலேயே தூங்கி வளர்ந்த பெண், திங்கட்கிழமை காலை அம்மா தட்டைக் கழுவி வைத்ததற்கே காதைப் பொத்திக்கொண்டாள்.

"மெதுவா வைம்மா. இடது காதுக்குள்ள யாரோ அடிக்கிற மாதிரி இருக்கு."

பதினைந்து வயது. மறுநாள் கணக்குப் பரீட்சை. அம்மாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "பரீட்சைன்னா உனக்குக் காதும் வலிக்கும், பல்லும் வலிக்கும். போய்ப் படி."

காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு அவள் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போனாள். யாராவது நாற்காலியை இழுத்தால் உடம்பு தூக்கிப்போட்டது. காதுக்குள் எரிகிறது என்றாள். அம்மா பழைய சொட்டு மருந்தை ஊற்றிவிட்டாள்.

வியாழக்கிழமை வாய் கொப்பளித்த தண்ணீர் இடது கடைவாயில் வழிந்தது. சாப்பிட உட்கார்ந்தவளை அப்பா நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் பாதிதான் சிரித்தது.

"என்ன, பழிப்புக் காட்டுறியா?"

"இல்லப்பா." கடைசி எழுத்து வெறும் காற்றாக வந்தது.

அப்பா தம்ளரைக் கீழே வைத்தார். "கண்ணை மூடு."

வலது கண் மூடியது. இடது கண்ணில் கருவிழி மேலே ஏறி, வெள்ளை மட்டும் தெரிந்தது.

டாக்டரம்மா காது மடலைத் திருப்பி, உள்ளே இருந்த கொப்புளங்களைக் காட்டினார். "சின்ன வயசுல வந்த அம்மைக் கிருமிதான். முகத்து நரம்பைப் பிடிச்சிருக்கு. காதுல சத்தத்தை அடக்குறதும் அதே நரம்புதான். சத்தம் பொறுக்காம போனது எப்பலேர்ந்து?"

"திங்கக்கிழமைலேர்ந்து." அம்மா மகளைப் பார்க்கவில்லை.

"அன்னைக்கே வந்திருக்கலாம். மாத்திரை தரேன். முழுசா சரியாகும்னு வாக்குக் குடுக்க மாட்டேன்."

அப்பா பட்டறை வேலையை நண்பரின் ஷெட்டுக்கு மாற்றினார். வீட்டில் எல்லோரும் ஜாடையில் பேசினார்கள். மூடாத கண்ணுக்கு அம்மா தினமும் பிளாஸ்திரி ஒட்டினாள்.

நாலாம் மாதம் சத்தம் பொறுக்கும்படி ஆனது. ஒருநாள் கண் சிமிட்டும்போது உதட்டோரம் துடித்தது. அம்மா அவளைக் கையோடு இழுத்துக்கொண்டு போனாள். "அசையுது டாக்டர்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நரம்பு வளருது. ஆனா கண்ணுக்குப் போக வேண்டியது வாய்க்குப் போயிருக்கு. பயிற்சி குடுத்துப் பார்ப்போம். இவ்வளவுதான் சொல்ல முடியும்."

வீட்டுக்கு வந்ததும் அவள் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கண்ணையும் இறுக மூடினாள். "எப்படி இருக்கும்மா?"

"நல்லாத்தான் இருக்கு. சிரிக்கிற மாதிரி இருக்கு."

"நான் சிரிக்கலம்மா," என்றாள் அவள்.