கமலநாதன் சொந்தக் கையால் கட்டிய வண்டி

கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் பாறையேறி வாகனக் கழகத்தில் மொத்தம் பதினோரு உறுப்பினர்கள். அவர்களில் ஒன்பது பேருக்குப் பதவி இருந்தது. தலைவர் பதவி மட்டும் காலியாகக் கிடந்ததால், பிரிக்பீல்ட்ஸில் சேலைக்கடை வைத்திருக்கும் கமலநாதனுக்குச் சில மாதங்களாகச் சாப்பாடு இறங்கவில்லை. டத்தோ பட்டம் அவருக்கு இன்னும் வந்து சேரவில்லை. அதற்குத் தோதான நடை மட்டும் முன்கூட்டியே வந்துவிட்டது.

போட்டிக்கு நின்றவர் பாலன். அவரிடம் இருந்தது வெளிநாட்டில் கட்டி முடித்து இறக்கிய வண்டி. ஆகவே கமலநாதன் கழகச் சட்டத்தில் ஒரு வரி சேர்க்க வைத்தார்: தலைவர் ஆகிறவர், தாமே கட்டிய வண்டியை ஆண்டுக் கூடலில் எல்லார் முன்னிலையிலும் மூத்த மச்சான்மேல் ஏற்றிக் காட்ட வேண்டும்.

மூத்த மச்சான் என்பது செலாயாங்கைத் தாண்டி ஒரு பழைய கல் குவாரியில் கிடக்கும் பாறை. யார் வந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பெயர்.

சட்டம் நிறைவேறிய மறுநாளே கமலநாதன் தம் சொந்தக் கைகளைத் தேடிக் கிள்ளானுக்குப் போனார். கைகள் கிரிகரியின் பட்டறையில் இருந்தன.

எட்டு மாத வேலை. கிரிகரி ஒரு பழைய ஜீப்பின் உடம்பைக் கழற்றி எறிந்தார். இரும்புக் குழாயை வளைத்து, ஆள் உட்காரக் கூண்டு கட்டினார். ஒரு சக்கரம் பாறைமேல் ஏறினால் மற்ற மூன்றும் தரையை விடாதபடி அடிப்பகுதியை மூன்று முறை வெட்டி ஒட்டினார். கமலநாதன் சனிக்கிழமைதோறும் வருவார். கையுறை மாட்டுவார். வெல்டிங் முகமூடியைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்வார். முகமூடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார். கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் படத்துக்குக் கீழே "இன்னும் வேலை பாக்கி இருக்கிறது" என்று எழுதுவார். அது உண்மைதான். கிரிகரி பார்த்துக்கொண்டிருந்தார்.

கிரிகரிக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டு கேட்டாகட்டும், கோயில் மணிக்கூண்டாகட்டும், எதைக் கட்டினாலும் ஓரத்தில் வெல்டிங்கிலேயே தம் பெயரை எழுதிவிடுவார். முன் பம்பரில் அதைப் பார்த்த கமலநாதன் நெளிந்தார்.

"என்னா கிரிகரி இது? தேச்சு எடுத்துடு. ஆண்டு மலர்ல உன் பேரு வரும். 'உதவி: கிரிகரி'ன்னு போடச் சொல்லிருக்கேன்."

"சரி பாஸ்."

"வேற எங்கயும் எழுதலியே?"

"நீங்க பாக்கற இடத்துல இல்ல பாஸ்."

பக்கத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்த கிரிகரியின் மனைவி உர்சுலா, கோப்பையைப் பார்த்துச் சிரித்தாள்.

கூடலுக்கு முந்தின நாள் வண்டிக்குக் கிள்ளானில் பூசை. கோயிலுக்குச் சாலையில் ஓட்டிப் போவதற்காகக் கிரிகரி முன் சக்கரங்களின் நடுவில் இருக்கும் குமிழ்களை 'ஃப்ரீ'யில் வைத்திருந்தார். பாறையில் ஏறும் முன் இறங்கி, இரண்டையும் 'லாக்'குக்குத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் இஞ்சினின் விசை முன் சக்கரங்களுக்குப் போகாது, அவை சும்மா உருளும். ஐயர் பூசையில் குறை வைக்கவில்லை. சக்கரத்துக்கு நடுவில் இருப்பதுதான் நெற்றி என்று முடிவு செய்து, குமிழ் மறையும்படி சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார்.

மறுநாள் குவாரியில் லோரியிலிருந்து வண்டியை இறக்கியதும் கிரிகரி அதன் முன் சக்கரத்தில் கைவைக்கப் போனார்.

"தொடாதே. சாமி வச்ச பொட்டு."

"பொட்டுக்கு ஒண்ணும் ஆகாது பாஸ். உள்ள ஒண்ணு திருகணும்."

"கிரிகரி, இந்த வண்டிய கட்டுனது யாரு?"

எட்டு மாதமாக ஒத்திகை பார்த்த பதில் அது. "நீங்கதான் பாஸ்."

"அப்புறம் என்னா எனக்கு சொல்லிக் குடுக்கற? போய் சாப்பிடு."

கிரிகரி போய், கூட வந்திருந்த உர்சுலாவின் பக்கத்தில் உட்கார்ந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்.

கூடாரத்தின் கீழே நாற்காலிகள் நிறைந்தன. செயலாளர் பரமேஸ்வரன் மைக்கைப் பிடித்துச் சட்டத்தின் அந்த வரியை இரண்டு முறை வாசித்தார். எதையும் மைக்கில் வாசிப்பது அவருக்குப் பிடிக்கும். முதுகில் 'கட்டியவர்' என்று அச்சடித்த சட்டையோடு கமலநாதன் வந்து நின்றார்.

"இந்த வண்டியில ஒவ்வொரு போல்ட்டும் என்கிட்ட பேசும்," என்றார்.

"நல்லா கேட்டுக்குங்க தலைவரே," என்றார் பாலன். "இன்னிக்கி என்னா சொல்லுதுன்னு."

வண்டி மூத்த மச்சானின் காலடிக்குப் போனது. முன் சக்கரங்கள் பாறையைத் தொட்டு நின்றன. பின் சக்கரங்கள் கல்லை வாரி இறைத்தன. கமலநாதன் மேலும் மிதித்தார். பின்னாலிருந்து கிடைத்த உந்தலில் முன்பக்கம் ஒருவழியாக மேலேறியது. ஏறியதோடு சரி, இழுக்க மறுத்தது. கிரிகரி சோற்றுக் கையை விட்டுவிட்டு, இடது கையைத் தூக்கி விரல்களால் எதையோ திருகிக் காட்டினார். ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்கிறான் என்று கமலநாதன் எடுத்துக்கொண்டார். முழுக்கத் திருப்பினார்.

வண்டி யோசித்தது. பிறகு வெயிலில் படுக்கும் எருமையைப்போல மெதுவாக ஒருக்களித்துச் சாய்ந்தது.

கூண்டு நன்றாகக் கட்டப்பட்டிருந்ததால் கமலநாதனுக்குக் கீறல்கூட இல்லை, பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தார். வண்டியின் வயிறு மட்டும் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதில் ஒரு சாண் உயரத்துக்கு, உருட்டி உருட்டி வெல்டு வைத்த எழுத்துகள்.

"கிரிகரி, கிள்ளான்," என்று பரமேஸ்வரன் மைக்கில் வாசித்தார். கீழே இருந்த போன் நம்பரையும் விடாமல் வாசித்தார்.

கமலநாதனை வெளியே இழுத்தார்கள். அவர் சுற்றி வந்து வயிற்றைப் பார்த்தார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக.

"யாரு தலைவரே இந்தக் கிரிகரி?" என்றார் பாலன்.

"அது பிராண்டு. சேஸி பிராண்டு. உள்ள நல்ல இரும்பு போடுவாங்க."

"கிள்ளான்னு போட்ருக்கே?"

"அங்க பிராஞ்ச் இருக்கு லா."

"அப்ப ஹெட் ஆபீஸ்?"

"ஜெர்மனி."

"தூரமா போவ வேணாம்ணே," என்றாள் உர்சுலா. "ஹெட் ஆபீஸ் இங்கதான் உக்காந்து நாசி லெமாக் சாப்பிடுது."

பதினோரு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கிரிகரி கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். பாலனின் வண்டி கம்பிக்கயிறு போட்டு இழுக்க, சாய்ந்தது நிமிர்ந்தது. கிரிகரி இஞ்சினைத் திறந்து எண்ணெயைப் பார்த்துத் திருப்திப்பட்டார். இரண்டு சக்கரத்திலும் காய்ந்திருந்த சந்தனத்தைக் குங்குமத்தோடு பெயர்த்து, தரையில் போடாமல் ஒரு வாழையிலைத் துண்டில் வைத்துக் கமலநாதன் கையில் கொடுத்தார். குமிழ்களைத் திருகினார். 'டக்' என்றது.

"இப்ப ஏத்துங்க பாஸ்."

"இருங்க, இருங்க," என்று பரமேஸ்வரன் மைக்கை எடுத்தார். "சட்டப்படி கட்டுனவருதான் ஏத்தணும்."

அந்தச் சட்டத்தை எழுதியவரால் அதை மறுக்க முடியவில்லை. கிரிகரி ஏறி உட்கார்ந்தார். நடந்து போகிறவன் வேகத்தில், சத்தமில்லாமல், ஒவ்வொரு சக்கரமாக எடுத்து வைத்து மூத்த மச்சானின் தலைக்கு மேல் போய் நிறுத்தினார். இறங்கி வருவதற்குள் அவரைப் பன்னிரண்டாவது உறுப்பினராகச் சேர்த்து, தலைவராகவும் ஆக்கிவிட்டார்கள். சட்டப்படி தகுதியான ஆள் வேறு யாரும் இல்லை.

"எனக்கு எதுக்கு லா இதெல்லாம்? பட்டறையில வேல கெடக்கு," என்றார் கிரிகரி.

"பரவால்ல, தலைவருக்கு வேலயே இருக்காது," என்று பாலன் தேற்றினார்.

பரமேஸ்வரன் ஆண்டு மலருக்கான தாளை எடுத்துத் திருத்தி எழுத ஆரம்பித்தார். கமலநாதன் வாழையிலையைக் கையில் ஏந்தியபடியே அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"பரமேஸ்வரன். அந்த 'உதவி'ங்கற எடத்துலயாச்சும் என் பேரப் போடுங்க."

பரமேஸ்வரன் தலையை நிமிர்த்தினார். "தலைவரே, இவரு என்னா உதவி செஞ்சாரு?"

கேள்வி கிரிகரிக்கு. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். சொன்ன ஒரே பொய்யையும் இவருக்காகத்தான் சொல்லியிருந்தார்.

"முகமூடிய புடிச்சிக்கிட்டாரு," என்றார். "சனிக்கெழமைல. போடுங்க."