கார்டு கொடுக்கிற இடம்

செல்வமலரின் மகன் நிரோஷனும் லூர்தம்மாவின் மகன் ஜெறோமும் ஒன்றாகத்தான் பிரான்ஸில் அகதி விண்ணப்பம் போட்டார்கள். ஜெறோமைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது இலங்கையில், ருவான்வெல்லையில் ரப்பர் பால் வெட்டுகிறான். நிரோஷன் பிரான்ஸிலேயே தங்கி, ஓர் உளவுப் படத்தில் அகதியாக நடித்திருந்தான். தாய்மார் இருவரும் தோட்டத்தில் செல்வமலரின் லயத்து வீட்டில் அதைப் பார்த்தார்கள்.

"பயங்கரவாதின்னு சந்தேகப்படுறாங்க அக்கா. எப்புடி முழிக்கிறான் பாருங்க" என்றாள் செல்வமலர்.

"சின்னதுலயே திருட்டு முழிதானே."

உளவாளி அவனைப் பிடிக்கட்டும் என்று லூர்தம்மா காத்திருந்தாள். கடைசியில் அவன் நிரபராதி என்று தெரிந்தது. அதிகாரி அங்கே தங்குவதற்கான விசா கார்டைக் கையில் கொடுத்து, தோளில் தட்டினார்.

செல்வமலர் கண்ணைத் துடைத்தாள்.

"நடிப்புதானே, இதுக்கா அழுவுற?" என்றாள் லூர்தம்மா.

சற்றுக் கழித்து அவளே சொன்னாள்: "அந்தக் கார்டு குடுக்கிற எடத்த இன்னொருக்கா போடு, மலரு."