இரைப்பையில் இருந்தது

எட்டு வாரமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தன் நாட்டு வாத்துகளைத் தராசில் ஏற்றி, தமிழினி அவற்றை வாய்க்கு வந்தபடி திட்டினாள். ஆராய்ச்சி நிலையம் கொடுத்த வெள்ளைச் சீமை வாத்துகள் பத்தும் இரண்டே முக்கால் கிலோவைத் தொட்டுவிட்டன. அதே நாளில் பொரிந்து, அதே அளவு தீவனம் ஒதுக்கிய அவளுடைய பத்தும் ஒரு கிலோவுக்கே மூச்சு வாங்கின. இந்த எடைச் சோதனையில் தோற்றால் மாதனூர்ப் பக்கம் இனிமேல் சீமைக் குஞ்சுதான், நாட்டு வாத்து வளர்ப்பவருக்கு நிலையம் கட்டித் தரும் கொட்டகை கிடையாது என்று நிலையத்து அதிகாரி ஜேக்கப் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். அவளே அடைவைத்துப் பெருக்கிய கூட்டம் அதோடு போய்விடும்.

கடைசி ஞாயிறு கறியைச் சோதிக்கும் நாள். ஜேக்கப் சர்ச் முடிந்து நேராக ஐஸ் பெட்டியோடு வந்திருந்தார். இரண்டு வகையிலும் ஒவ்வொன்றை அறுத்து அவளே சுத்தம் செய்தாள். சீமை வாத்துக்குத் தோலடியில் விரல் கனத்துக்குக் கொழுப்பு. நாட்டு வாத்தின் கறி நல்ல சிவப்பு, ஆனால் நெஞ்செலும்போடு ஒட்டிக் கிடந்தது. அப்புறம் இரைப்பைகளைக் கீறினாள். சீமை வாத்தினுடையதில் மஞ்சள் தீவனம் கூழாக இருந்தது. நாட்டு வாத்தினுடையதில் நத்தை ஓடு, மணல், கொஞ்சம் உமி.

ஷூ கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. ஜோடியில் இடதுக்கு ஒரு தோலும் வலதுக்கு வேறு தோலும் வைத்திருந்தால் தொட்டதுமே கண்டுபிடித்துவிடுவாள். இங்கே எட்டு வாரம் ஏமாந்திருக்கிறாள். அவளைக் கம்பெனி பஸ் ஏற்றிக்கொண்டு போன பிறகு தீவனம் வைப்பது ஒரே ஒரு ஆள்தான்.

“இன்னாயா இது?” ரத்தக் கையோடு புருஷன் மதியழகன் முன்னால் போய் நின்றாள்.

அவன் மறைக்கவில்லை. அது தப்பு என்றே அவனுக்குத் தோன்றவில்லை. “வெள்ளைது வெளியூர்லருந்து வந்தது, எளைச்சிப் போனா நமக்குத்தான் கெட்ட பேரு. அதான் அதுக்கு ஜாஸ்தி வச்சேன். இது நம்மூட்டுதுதானே, எப்டியும் பொழைச்சிக்கும்.”

அவன் தங்கை குடும்பம் வந்து தங்கிய பத்து நாளும் சோறெல்லாம் விருந்தாளிகளுக்கே போய், தமிழினி வெறும் வயிற்றோடு பஸ் ஏறியபோது, தன் அம்மாவிடம் அவன் சொன்னதும் இதே வார்த்தைதான்.

ஜேக்கப் எடை குறித்த தாளை நீட்டினார். இரைப்பையைப் பற்றி மேலிடத்தில் யாரும் கேட்கப் போவதில்லை, எப்படிப் பார்த்தாலும் நாட்டு வாத்துக்கு வளர்த்தி குறைவுதான், கையெழுத்தைப் போட்டுவிடுங்கள் என்றார். வளர்த்தவர் கையெழுத்தில்லாமல் அந்தத் தாள் செல்லாது.

“கம்மியாவே வளரட்டும் சார். தின்னுட்டு கம்மியா வளரட்டும். பட்டினி போட்டுட்டு எடை பாக்கறது இன்னா ஞாயம்?”

தாளை வாங்கி எட்டு வாரத்துக்கும் குறுக்கே ரிஜெக்ட் என்று எழுதினாள். தீவனம் மாற்றி வைத்தவர் என்று புருஷன் பெயரையும் எழுதி, அதற்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டாள். புதுக் குஞ்சுகளோடு வாருங்கள், முதலிலிருந்து பார்ப்போம் என்று அவரை அனுப்பினாள்.

மீதமிருந்த ஒன்பது நாட்டு வாத்துக்கும் தொட்டி நிறையத் தீவனம் கொட்டினாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, இருந்த சோறு முழுவதையும் தன் தட்டில் போட்டு உட்கார்ந்தாள். தனக்கெங்கே என்று மதியழகன் கேட்டான்.

“நீ நம்மூட்டு ஆளுதானே,” என்றாள். “எப்டியும் பொழைச்சிக்குவே.”