ஒரே உதையில் எடுத்த வண்டி

...ஒரே உதை, அதுவும் முழு மனதோடு உதைத்ததுகூட இல்லை, எங்கே எடுக்கப்போகிறது என்று சும்மா காலை வைத்து அழுத்தினேன், எடுத்துக்கொண்டது. பதினோரு வருஷம் மாட்டுக்கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த ஸ்ப்ளெண்டர் இப்படியா எடுக்கும், மஸ்கட் குடோனில் ரெண்டு மாதம் நின்ற வண்டிக்கே ஆள் வைத்துப் பேட்டரி மாற்றுவார்கள், இங்கே ஒரு இருமல்கூட இல்லை... மணிமொழி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், ஆச்சரியப்படவில்லை, அதுதான் முதலில் உறுத்தியது. கட்டியவன் இத்தனை வருஷம் கழித்து வண்டியில் ஏறுகிறான், பார்த்துப் போங்க, மெதுவா போங்க என்று கொஞ்சம் பதறுவாள் என்று எதிர்பார்த்தேன், அவளோ சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "சோக்க ஆஃப் பண்ணிடுங்க, சூடாயிடுச்சி" என்றாள். சோக் என்று ஒன்று இருப்பது இவளுக்கு எப்படித் தெரியும்? கேட்பதற்குள் அடுத்தது, "டவுன் பங்க்ல போடாதீங்க, வல்லத்துக்கு முன்னாடி ஒரு பங்க் இருக்குது பாருங்க, அங்க போடுங்க, அங்க ஒரு பொண்ணு இருக்கும், சரியா போடும்." செஞ்சியிலேயே பங்க் இருக்கும்போது அவ்வளவு தூரம் எதற்கு? ஆளைக் கொஞ்ச நேரம் வீட்டைவிட்டு அனுப்பவேண்டியிருக்கிறதா, யாராவது வரப்போகிறார்களா... சே, வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, அதற்குள் இந்தப் புத்தி. ஆனாலும் தெருமுனையில் வண்டியை நிறுத்துகிற மாதிரி நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். அவள் இன்னும் வாசலிலேயே நின்றிருந்தாள்.

காலுக்கு கியர் மறக்கவில்லை, கைதான் கிளட்சை விடப் பயந்தது, விட்டதும் வண்டி துள்ளியது. சீயமங்கலம் ரோட்டில் அன்றைக்கும் இப்படித்தான், குறுக்கே ஒரு நாய், பிரேக், அப்புறம் வானம், அப்புறம் தோள்பட்டை எலும்பு உடைந்து ரெண்டு மாதம் கட்டு. அதோடு ஒரு கும்பிடு போட்டு இந்த வண்டியை ஓரங்கட்டினேன், யாரும் இதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் மஸ்கட்டுக்கு விமானம் ஏறினேன், நாலு தடவை லீவில் வந்தும் பஸ், ஷேர் ஆட்டோ என்று போனேனே தவிர தார்ப்பாயைத் தூக்கிக்கூடப் பார்த்ததில்லை. இப்போது பார்க்கிறேன், மீட்டரை. விழுந்த அன்று காலையில்தான் நாற்பத்தோராயிரம் தாண்டியது, ஆயில் மாற்றணும் என்று நினைத்துக்கொண்டேன், அதனால் நன்றாக ஞாபகம் இருக்கிறது. இப்போது அறுபத்து மூவாயிரத்துச் சொச்சம். தூசியா என்று கட்டை விரலால் துடைத்தேன், தூசியும் இல்லை. இருபத்திரண்டாயிரம் கிலோமீட்டர், இங்கிருந்து டெல்லிக்கு நாலைந்து தடவை போய்த் திரும்பலாம். என் வண்டி, என் வீட்டுக் கொட்டகை, ஓட்டியது யார்? சாவி பீரோவில், பீரோ சாவி மணிமொழி இடுப்பில். அப்படியென்றால் அவள் எடுத்துக் கொடுத்திருக்கிறாள், யாருக்கோ கொடுத்திருக்கிறாள், ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, வருஷக்கணக்காக. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

கூட்டுரோட்டில் வெற்றிவேல் மெக்கானிக் கடை. வண்டிச் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினான், சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டான் போலிருக்கிறது, சிரித்த முகமாகத்தான் தூக்கினான், என்னைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. "இன்னாண்ணே... நீங்க எடுத்துக்கினு வரீங்க?" நான் எடுத்துக்கொண்டு வராமல் வேறு யார் வரவேண்டும் என்று எதிர்பார்த்தான்? ஊர் வந்த மறுநாளே வண்டியைப் பற்றி இவனிடம் கேட்டேனே, நல்லாதான்ணே இருக்குது என்றான், கொட்டகைக்குள் கிடக்கிற வண்டி நன்றாக இருப்பது இவனுக்கு எப்படித் தெரியும்? தலையில் மாட்டியிருக்கிற ஹெல்மெட்டும் இவன் கடையில் வாங்கியதுதான், காலையில் மணிமொழியே சொன்னாள், "வெற்றிவேல் தம்பி கடையில வாங்கி வச்சேன்." புது ஹெல்மெட்டா இது, உள்ளே பஞ்சு நைந்திருக்கிறது, தேங்காய் எண்ணெய் வாசனை அடிக்கிறது, காது ரெண்டையும் இறுக்குகிறது, நெற்றியில் வேறு என்னவோ ஒட்டி அரிக்கிறது. என் தலையைவிடச் சின்னத் தலைக்காரன், எண்ணெய் வைத்துப் படிய வாருகிறவன்... வெற்றிவேலுக்குச் சின்னத் தலைதான். தம்பியாம் தம்பி. நிற்கவில்லை, கையை மட்டும் ஆட்டிவிட்டு வல்லம் ரோட்டில் திருப்பினேன்.

இதே கடை வாசலில் எத்தனை சிரித்திருக்கிறோம். கல்யாணமான புதிதில் ஒரு அமாவாசைக்கு மேல்மலையனூர் போய்விட்டுத் திரும்பும்போது, ரோடு காலியாகக் கிடந்தது, பின்னால் உட்கார்ந்திருந்தவள் மெதுவாகக் கேட்டாள், ஒரு தடவை நான் ஓட்டிப் பார்க்கட்டுமா என்று. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இங்கே வந்து, வண்டியைவிட்டு இறங்காமலேயே, "டேய், ஊர்ல இருக்கிற ஆடு மாட்டையெல்லாம் உள்ள கட்டுங்கடா, என் பொண்டாட்டி வண்டி ஓட்டப் போறாளாம்" என்றேன், கடையில் இருந்த அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். ஒரு வருஷம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். நல்ல நாட்கள். அந்த மணிமொழியா இப்படி... போனில் தினமும் பேசியவள், வல்லத்துப் பக்கம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை, பஸ்ஸில்தான் போகிறேன், பஸ்ஸில் ஒரே கூட்டம் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். ஆனால் நான் லீவில் வரும்போதெல்லாம் காலையில் தெருமுனைக்கும் வீட்டுக்கும் அலைவாள், இன்னும் பஸ் வரலியே, எத்தனை மணிக்கு வரும் என்று பக்கத்து வீட்டில் கேட்பாள். வருஷக்கணக்காகப் பஸ்ஸில் போகிறவளுக்குப் பஸ் வருகிற நேரம் தெரியாதா? அப்போதே யோசித்திருக்கவேண்டும். அப்படியென்றால் யாரோ கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள், என் வண்டியில், அவள் பின்னால் உட்கார்ந்து... போதும், சாயங்காலம் நேராகவே கேட்டுவிடவேண்டியதுதான். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? திரும்பிப் போக மஸ்கட்டும் இல்லை, விசாவை முடித்துக்கொண்டு வந்துவிட்டேன், இனிமேல் எனக்கு இருப்பதே அவள் ஒருத்திதான்.

கண்ணாடி வேறு படுத்தியது. இந்தப் பக்கம் போகும்போது பின்னால் ராஜகிரி மலை தெரியவேண்டும், முன்பெல்லாம் கோட்டை மதில்வரை கண்ணாடியில் தெரியும், இப்போது என் முழங்கையும் கீழே ஓடுகிற தாரும்தான் தெரிகிறது. யாரோ தன் உயரத்துக்குத் திருப்பி வைத்திருக்கிறான், குள்ளன். வெற்றிவேல் குள்ளனா? இல்லையே, என்னைவிட ஒரு சாண் உயரமாயிற்றே. அப்படியானால் இன்னொருவன். பங்க் வருகிறவரைக்கும் செஞ்சியில் எனக்குத் தெரிந்த குள்ளர்களை எல்லாம் ஒவ்வொருவராக நிறுத்தி வைத்து முகத்தைப் பார்த்தேன்.

பங்கில் ஒரு பெண், நீலச் சட்டை, சட்டையில் வெண்மதி என்று பெயர், குழாயைக் கையில் எடுத்தவள் வண்டி நம்பரைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இது மணி அக்கா வண்டியாச்சே. உங்ககிட்ட எப்படி வந்துது? நீங்க யாரு?" திருடனைக் கேட்கிற கேள்வி. என் வண்டியில் உட்கார்ந்திருக்கிற என்னைப் பார்த்து. பதில் சொல்ல ஹெல்மெட்டைக் கழற்றினேன், அவள் என் நெற்றியைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "அண்ணே, நெத்தியில பாருங்க, அக்கா பொட்டு." தடவிப் பார்த்தேன், சின்ன அரக்கு நிற ஸ்டிக்கர் பொட்டு, விரலோடு வந்தது. மணிமொழி வைக்கிற அதே பொட்டு. ஹெல்மெட்டின் பஞ்சில் ஒட்டியிருந்தது என் நெற்றிக்கு வந்திருக்கிறது, செஞ்சி கடைத்தெரு முழுவதும், வெற்றிவேல் முன்னால், சந்தேகமெல்லாம் பட்டுக்கொண்டு, பொட்டு வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். "மஸ்கட்ல இருக்கிற அண்ணனா நீங்க? அக்கா ஆறு வருஷமா இங்கதாண்ணே போடுவாங்க. ஸ்கூலுக்குக் காய் மூட்டைய பின்னாடி கட்டிக்கினு, சொய்ங்னு வருவாங்க. மழைன்னாலும் நிறுத்த மாட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?" தெரியும் என்றேன். எப்படித்தான் அந்தப் பொய் அவ்வளவு சீக்கிரம் வந்ததோ.

பெட்ரோல் போட்டு முடித்ததும் வண்டியைக் காற்றடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் தள்ளி நிறுத்திவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தேன், குள்ளனும் இல்லை ஒருவனும் இல்லை, சிரிக்கவேண்டும் போல இருந்தது, சிரிப்பு வரவில்லை. வெற்றிவேலுக்குத் தெரியும், இந்தப் பெண்ணுக்குத் தெரியும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும், ஆறு வருஷமாக இந்த ரோட்டுக்கே தெரியும், எனக்கு மட்டும் பஸ்ஸில் கூட்டம். யாரிடமிருந்தும் அவள் எதையும் மறைக்கவில்லை, என் ஒருவனிடமிருந்துதான் மறைத்திருக்கிறாள். டவுன் பங்க் வேண்டாம், அங்கே போய்ப் போடுங்கள் என்று எதற்குச் சொன்னாள் என்பது இப்போது புரிகிறது, வாய் விட்டுச் சொல்ல முடியாததை இந்தப் பெண் சொல்லட்டும் என்று அனுப்பியிருக்கிறாள். என்னிடம் சொல்ல அவ்வளவு பயமா மணி? கண்ணாடியைத் திருப்பக் கை போனது, திருப்பவில்லை, தலையைக் குனிந்தேன், நாலு விரற்கடை, இன்னும் கொஞ்சம்... அவள் உயரத்துக்கு வந்ததும் ரோடு முழுவதும் தெரிந்தது, ரோட்டுக்கு அந்தக் கடைசியில் ராஜகிரி, மதிலோடு, சின்னதாக, கச்சிதமாக. தினமும் இதைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறாள். பொட்டை அது இருந்த இடத்திலேயே, ஹெல்மெட் பஞ்சில் ஒட்டினேன், ஓரம் கொஞ்சம் தூக்கிக்கொண்டது, விரலால் அழுத்தினேன்.

போனதும் என்ன சொல்வது, தெரிந்துவிட்டது என்பதா, பெட்ரோல் போட்டாயிற்று என்று மட்டும் சொல்லிச் சாவியை அவள் கையில் கொடுப்பதா... அவள் வாசலில்தான் நிற்பாள், என் முகத்தைத்தான் பார்ப்பாள். அன்றைக்கு அந்தக் கடை வாசலில் எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள் என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டு வருகிறேன், எனக்கே நன்றாக ஞாபகம் இருப்பது போல... நான் வண்டியைவிட்டு இறங்கவே இல்லையே, அவள் என் முதுகுக்குப் பின்னால் அல்லவா உட்கார்ந்திருந்தாள், அவள் முகத்தை நான் எங்கே பார்த்தேன்?