குதிரைப் படம்

பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் பொன்னாத்தாளின் மடியில் வைத்ததும் பாவாயி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள். தம்பி பொண்டாட்டி இப்படி அடிவயிற்றிலிருந்து அழுவாள் என்று பொன்னாத்தாள் நினைக்கவில்லை. கட்டிலில் உயிரில்லாமல் கிடக்கும் அவள் புருஷன் நாச்சிமுத்து, பாவாயிக்கு அண்ணன் முறைதான் என்றாலும், யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனுசன்.

"சிரிக்க வெச்சே கொன்னுபோடுவாரே எங்கண்ணன்! இனி ஆரு வந்து சிரிக்க வெப்பாங்க நங்கை?"

பொன்னாத்தாள் அவள் கையை விலக்கினாள். "ஆரு, இவரா?"

"அந்தக் குதிரைப் படத்தை நாலு தடவை பாத்தமுங்க, எங்கூரு டாக்கீஸ் கொட்டாயில. ஊட்டுப் பாத்திரத்தையெல்லாம் வித்து ஒரு கெழவன் பந்தயம் கட்டுவான். குதிரை திரும்பி லாயத்துக்கே ஓடிரும். படம் உட்டு ஊட்டுக்கு வந்தா அண்ணன் நெல்லு மூட்டைமேல ஏறிக்குவாரு. துண்டுதான் சாட்டை. 'கெழக்க ஓடச் சொன்னா மேக்க ஓடறயே, எம்பட மாமியாளாட்டம்'னு..." அழுகையின் நடுவே சிரிப்பு வந்துவிட, பாவாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பொன்னாத்தாளும் ஒருதடவை அவரை அந்தப் படத்துக்குக் கூப்பிட்டிருந்தாள். "குடும்பத்துப் பொம்பள போற எடமா அது?" என்றார், சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல். தம்பி ஊரான ஜலகண்டாபுரத்துச் சந்தைக்குப் போய்வந்தால் தலைவலி என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அவள் பாத்திரம் இடிபடாமல் எடுத்து வைப்பாள்.

"நானு வல்லையான்னு நீ கேக்கவே இல்லையா?"

"கேக்காம இருப்பனா? 'அவளுக்குச் சிரிப்பே ஆகாது. அவ வந்தா கொட்டாயே எழவு ஊடாட்டம் ஆயிரும்'னு..." பாவாயி நிறுத்திக்கொண்டாள்.

வாசற்படியில் நின்ற தம்பி காளியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "வெளையாட்டுக்குச் சொன்னது, அக்கா."

"அதுக்கு நீயும் சிரிச்சயா?"

அவன் படியிறங்கி வாசலுக்குப் போனான்.

கல்யாணமாகி வந்த புதிதில் அடுப்படியில் ஒருநாள் அவள் கலகலவென்று சிரித்தாள். நாச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். இவருக்குச் சிரிப்புப் பிடிக்காது என்று அன்றைக்குச் சிரிப்பதை விட்டவள்; இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

"ஒப்பாரி எடு சாமி. நீ எடுக்காம நாங்க எப்படிப் பாடறது?" என்றாள் பங்காளி வீட்டுப் பெரியவள் உண்ணாமலை. குணத்தைச் சொல்லி அழவேண்டும். எந்த மனுசனின் குணத்தைச் சொல்வது? பொன்னாத்தாள் மடியிலிருந்த கோடிச் சேலையின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள். பெண்கள் காத்திருந்தார்கள். பிறகு பாவாயிதான் எடுத்தாள். அவளுக்கு அடிகள் தாமாக வந்தன.

வாய்க்கரிசி போட அழைத்தார்கள். பொன்னாத்தாள் குனிந்தாள். உதட்டோரம் இருபுறமும் ஆழமாக ஒவ்வொரு கோடு. நிறையச் சிரித்த முகத்தில் விழும் கோடு. இத்தனை கிட்டத்தில், பகல் வெளிச்சத்தில், அவள் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

"போடு ஆயா, வெயிலேறுது" என்றாள் உண்ணாமலை.

கையைத் திறந்தாள். சறுக்கிய நாலைந்து அரிசி இடப்பக்கக் கோட்டில் போய்த் தங்கியது. துடைத்துவிடக் கை நீட்டிய பாவாயியை, "இருக்கட்டும்" என்று தடுத்தாள்.