ஐந்தாவது கோமதி

கோமதித்தாய்க்கு அந்தப் பெயரை வைத்தவர் அவள் அப்பா குருநாதன். இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், அந்தப் பெயர் அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது. "சங்கரன்கோவில் அம்மன் பேரு. நம்ம ஊருல போய் இந்தப் பேரச் சொன்னா, யாரு எவருன்னு ஒருத்தன் கேக்க மாட்டான்" என்று குருநாதன் பீற்றிக்கொள்வார். இத்தனைக்கும் அவர் சங்கரன்கோவிலைக் கண்ணால் கண்டதில்லை. அவரும் அதே தோட்டத்தில் பிறந்தவர்தான்.

பிறகு இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்களும் உட்கார்ந்து பேசினார்கள். தோட்டத்து ஜனங்களில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று மாம்பழத்தைப் போலக் கூறு கட்டிப் பிரித்துக்கொண்டார்கள். குருநாதன் குடும்பம் இந்தியாவின் கூறில் விழுந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறுகிறவரை கோமதி 'இந்தியாக்காரி'. ராமேசுவரத்தில் இறங்கியதும் 'சிலோன்காரி'. அவளை யாரும் எதுவும் சொல்லாத இடம் நடுவில் அந்தக் கப்பல் ஒன்றுதான். அங்கே எல்லோரும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சங்கரன்கோவில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்றே பெயரின் பவிசு தெரிந்துவிட்டது. ஐந்தாம் வகுப்பில் ஏற்கெனவே நாலு கோமதி. அம்மன் ஊரில் பெண் பிறந்தால் பெயருக்காக மூளையைக் கசக்குகிற வழக்கம் கிடையாது போலிருக்கிறது. ஞானதீபம் டீச்சர் அவர்களை நெட்டைக் கோமதி, கருத்த கோமதி, ராயகிரிக் கோமதி, போஸ்ட்மேன் கோமதி என்று பிரித்து வைத்திருந்தாள். புதிதாக வந்தவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீ சிலோன் கோமதி" என்று சொல்லிவிட்டுக் கணக்குப் பாடத்துக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் தெருவில் தலை காட்ட முடியவில்லை. "சிலோன் கோமதி, ஒரு பாட்டு போடேன். சிலோன் ரேடியோவுல பேசுதாரே, அவரு உங்க மாமாவா?" என்று பையன்கள் ஓட்டினார்கள். கருத்த கோமதி என்று கூப்பிட்டிருந்தால்கூட அவள் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டிருப்பாள். கறுப்பு ஊரோடு இருக்கிற நிறம். சிலோன் என்பது அப்படி இல்லை. அங்கே ஒரு பெயரைச் சொல்லித்தான் மூட்டை கட்டச் சொன்னார்கள். இங்கேயும் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் நாளைக்கே கிளம்பு என்று சொல்ல மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்?

கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா வந்தது. ஒற்றைக்காலில் தவம் நிற்கிற அம்மன் மேல், அவரவர் நிலத்தில் விளைந்ததை வீசுவார்கள் என்று பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய் சொன்னாள்.

"எங்கய்யா பருத்தி வீசுவாவ. கரிவலத்துக்காரவுக மொளகா வத்தல் வீசுவாவ. ஊர்ல வெள்ளாமை உள்ளவுக எல்லாரும் வீசுவாவ."

"வெள்ளாமை இல்லாதவங்க?"

"வாயப் பாத்துக்கிட்டு நிப்பாவ."

வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை என்று கோமதி முடிவு செய்தாள். வீசிவிட்டால் ஊர்க்காரி. அப்புறம் எவள் சிலோன் என்பாள்? தங்கள் குடும்பம் விளைய வைத்தது என்றால் தேயிலை ஒன்றுதான். அவள் அம்மா தங்கத்தாய் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த தூள் ஒரு டப்பாவில் மிச்சம் இருந்தது. தலைவலி வந்தால் மட்டும் ஒரு சிட்டிகை போட்டுக் குடித்துவிட்டு, மூடியை இறுக்கி வைத்துவிடுவாள். கோமதி டப்பாவைத் துடைத்துத் தூளையெல்லாம் பாவாடை மடியில் கட்டிக்கொண்டாள்.

அப்பா புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போயிருந்தார். அம்மாவும் மகளும்தான் திருவிழாவுக்குப் போனார்கள். அம்மன் வருகிற சப்பரம் தெரிந்ததும் கோமதி அம்மாவின் கையை உதறிவிட்டு முன்னால் ஓடினாள்.

எல்லோரும் அம்மனைப் பார்த்து வீசினார்கள். அவளுக்கு அந்த வீச்சு தெரியாது. கொழுந்து கிள்ளுகிறவர்கள் வீசுவது தோளுக்கு மேலே, பின்பக்கமாக. கூடை முதுகில் அல்லவா தொங்குகிறது! அவள் அம்மனுக்கு முதுகைக் காட்டி நின்றாள், கை நிறைய அள்ளினாள், தோளுக்கு மேலே வீசினாள், மறுபடி வீசினாள், மடி காலியாகும்வரை வீசினாள்.

ஆடிக்காற்று சும்மா இருக்குமா? ஒரு பொட்டுத் தூள்கூட அம்மனிடம் போய்ச் சேரவில்லை. அத்தனையும் கரிவலம்வந்தநல்லூர் மூக்காண்டியின் முகத்தில் அப்பிக்கொண்டது. மூக்காண்டி அப்போதுதான் ஒரு பை மிளகாய் வத்தலை வீசி முடித்திருந்தார். அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்கினார்.

"ஐயோ கண்ணு போச்சே! எவளோ என்னத்தையோ எறிஞ்சுட்டாளே!"

"இந்தா, இவதான்! ஏட்டி, அம்மனுக்கு முதுகக் காட்டிட்டா நிக்கே!" என்று பக்கத்தில் நின்றவள் கத்தினாள்.

கோமதி கூட்டத்துக்குள் பாய்ந்தாள். கால்களுக்கு நடுவே புகுந்து ஓடி, மூச்சு வாங்கி நின்றபோது அம்மாவைக் காணோம்.

யாரோ ஒரு போலீஸ்காரர் அவளை மைக் செட் மைதீனின் கொட்டகையில் கொண்டுவந்து விட்டார். தொலைந்த பிள்ளைகள் பெஞ்சில் வரிசையாக அழுதுகொண்டிருந்தன. மைதீன் பெயர் கேட்டார். சொன்னாள். "இன்னைக்கு நீ அஞ்சாவது கோமதி" என்று தலையில் அடித்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "கோமதி என்கிற சிறுமி..." என்று ஊர் முழுக்க அலறியது. மூன்று பெண்கள் ஓடி வந்தார்கள். அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்து, "இது எங்க கோமதி இல்ல" என்று போய்விட்டார்கள். அம்மா வரவில்லை.

அம்மாவுக்கு இந்த ஊரில் இரண்டு தெருதான் தெரியும். யாரிடமும் வழி கேட்க மாட்டாள். வாயைத் திறந்தால் சிரிப்பார்கள் என்று பயம். அம்மா இந்நேரம் ஏதோ ஒரு மூலையில் நின்று அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்ததும் கோமதிக்கு அழுகை முட்டியது. தொலைந்துபோனது தான் இல்லை, அம்மாதான் என்று தோன்றியது.

"ஏட்டி, ஊருக்குள்ள ஆயிரம் கோமதி கெடக்கா. எந்தக் கோமதின்னு சொன்னாத்தான ஆத்தா வருவா?" என்றார் மைதீன்.

கொட்டகைக்கு வெளியே நெட்டைக் கோமதி சேமியா ஐஸ் சப்பிக்கொண்டு நின்றாள். கூடவே பாதி வகுப்பு நின்றது.

கோமதி முணுமுணுத்தாள். மைதீனுக்குக் கேட்கவில்லை. அவள் பெஞ்சில் ஏறி மைக்கைப் பிடுங்கினாள்.

"அம்மா! நான் சிலோன் கோமதி! சிலோன் கோமதி இங்க இருக்கேன்மா!"

நாலு ரத வீதியிலும் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்கள் அதைத் திருப்பிக் கத்தின.

தங்கத்தாய் தலை கலைந்து ஓடி வந்தாள். முதுகில் ஒன்று வைத்தாள், பிறகு கட்டிக்கொண்டாள். "கோமதி கோமதின்னு விடியக்காலத்துல இருந்து கத்துறான், எந்தக் கோமதின்னு நான் கண்டேன்" என்று அழுதாள். அப்படியே மகளின் தலையை முகர்ந்தாள்.

"தேயிலையா?"

"சாமிக்குப் போட்டேன்."

"பூராவுமா?"

கோமதி தலையாட்டினாள். தங்கத்தாய் வெறும் மடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குள் சிவந்த கண்ணோடு மூக்காண்டி வந்து சேர்ந்துவிட்டார்.

"உம் பிள்ளையாம்மா இவ? சாமிக்கு முதுகக் காட்டி எறிஞ்சிருக்கா. என்ன வளர்ப்பு வளத்திருக்கே?"

இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து தங்கத்தாய் வீட்டுக்கு வெளியே குரல் உயர்த்தியதில்லை. அன்றைக்கு உயர்த்தினாள்.

"எங்க தோட்டத்துல அப்புடித்தாங்க போடுவோம். மூணு தலைமுறையா அப்புடித்தான் போட்டோம். வேற எப்புடிப் போடுறது?"

மூக்காண்டி யோசனையாக மறுபடி கண்ணைக் கசக்கினார். மறுபடி அலறினார்.

அம்மாவும் மகளும் கைகோத்து வெளியே வந்தார்கள். ஐஸ் கும்பல் காத்துக்கொண்டிருந்தது.

"சிலோன் கோமதி!" என்று நெட்டைக் கோமதி கூப்பிட்டாள்.

கோமதி நின்று திரும்பினாள்.

"என்னட்டி?"